தண்ணி ஒத்துக்கல

1

எங்கள் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு கேடயம் இருக்கிறது. கண்ணாடியில் செய்தது, அடியில் கறுப்புக் கட்டை. என் மகன் பிரவீன் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. போன வருடம் பாதுகாப்பு வாரத்தின் கடைசி நாளில் அவனை மேடைக்குக் கூப்பிட்டு இதைக் கொடுத்தார்கள். ஒரு தொழிலாளியின் உயிரைக் காப்பாற்றிய சமயோசிதத்துக்காக என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. இந்த வருடத்துப் பாதுகாப்பு வாரம் நேற்றுத் தொடங்கிவிட்டது. பட்டறை வாசலில் பலூன் கட்டியிருக்கிறார்களாம். எல்லோருக்கும் ஆளுக்கொரு டீ-ஷர்ட்டாம். எனக்கும் ஒன்று கொண்டுவந்தான். அடுப்பு மேடை துடைக்க வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் கேடயத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். "பரவாயில்லையே, பிள்ளையை நல்லா வளத்திருக்கீங்க" என்பார்கள். நான் காப்பி போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விடுவேன். அது எப்படி வந்தது என்று இந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் இருக்கும் என் தங்கைக்கு மட்டும் தெரியும். "எழுதாதக்கா, பெத்த புள்ளய நீயே காட்டிக் குடுப்பியா?" என்று போனில் சண்டை பிடிக்கிறாள். பெற்ற பிள்ளையைப் பற்றித்தான் எழுத முடியும். ஊரான் பிள்ளையைக் குறை சொல்லி எழுத எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

2

நான் சந்தவாசல்காரி. எங்கள் அப்பா அங்கே கடைத்தெருவில் மளிகை வைத்திருந்தார். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் புளி, தேன், கடுக்காய், சாமை எல்லாம் கொண்டுவந்து போட்டுவிட்டு உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். அப்பா வயது ஆளைக்கூடக் கடைப்பையன் "இன்னாய்யா, இப்டி வா" என்றுதான் கூப்பிடுவான். அவர்களோ அந்தப் பையனுக்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். அது மரியாதை என்று நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. பயம் என்று எடுத்துக்கொண்டோம். எங்களுக்கு அது வசதியாக இருந்தது.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கீழே வந்தால் எங்கள் ஊர்த் தண்ணீரை வாயில் வைக்க மாட்டார்கள். மேலே ஊற்றில் பிடித்த தண்ணீரைக் கேனில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அம்மா சொம்பில் மோர் நீட்டினாலும், "வேணாங்க, கீழ்த்தண்ணி எங்களுக்கு ஒத்துக்காதுங்க. வவுறு கழியும்" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். கேனில் தண்ணீர் தீர்ந்துபோனால் தாகத்தோடு மலை ஏறுவார்களே தவிர எங்கள் குழாயில் கை வைக்க மாட்டார்கள்.

தண்ணி ஒத்துக்கல. இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சென்னைக்குப் போய் ஜலதோஷம் பிடித்தாலும் இதுதான், மாமியார் வீட்டுக்குப் போய் முடி கொட்டினாலும் இதுதான். ஒரு ஊர் நம்மைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதை நம் ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தேன். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இப்போது இல்லை. நான் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் சமைக்கிறேன். அங்கே ஒரு விதி. கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை விளையாட்டை நிறுத்தி எல்லாக் குழந்தைகளையும் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். ஆசிரியை ஒவ்வொரு புட்டியையும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார். குடிக்காத பிள்ளையைக் கெஞ்சுவார், பாட்டுப் பாடுவார், ஆரஞ்சுத் துண்டு போட்டுக் கொடுப்பார். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து பொம்மை வைத்து விளையாடுகிற பிள்ளைகளுக்கு இவ்வளவும். நல்ல விதிதான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் புட்டிகளைக் கழுவும்போது எனக்கு வேறு ஒருவன் ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான்.

3

பிரவீனின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மற்றது புரியும்.

அவனுடைய தமிழில் பாதி பாடப் புத்தகத்திலிருந்து வந்தது, பாதி சினிமாவிலிருந்து. நடுவே இருக்க வேண்டிய தமிழ் அவனிடம் கிடையாது. சின்ன வயதில் என்னைக் கேட்டுக் கேட்டு 'வூடு' என்றும் 'இன்னா' என்றும் பேசிக்கொண்டிருந்தான். பள்ளியில் தமிழ் ஆசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பி, "வீட்டில் கொச்சையாகப் பேசுகிறீர்களா? பேச்சுத் தேர்வில் மதிப்பெண் போகும்" என்றார். அவருக்குச் சொந்த ஊர் எது என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அதற்குப் பிறகு பிரவீன் வீட்டில் ஆங்கிலம் பேச ஆரம்பித்தான். தாய்மொழியை நான் ஊட்டவில்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். ஊட்டினேன். துப்பச் சொன்னது நான் இல்லை.

கடைசியில் தேர்வில் நல்ல மதிப்பெண்தான். கட்டுரையில் 'வான்மழை பொய்த்தது' என்று எழுதுவான். பக்கத்து வீட்டுத் தாத்தா "மப்பும் மந்தாரமுமா இருக்குது" என்றால் என்னைத் திரும்பிப் பார்ப்பான். தண்ணீர் என்றால் புத்தகத்தில் வருவது. தண்ணி என்றால் சினிமாவில் கதாநாயகனும் நண்பர்களும் மொட்டை மாடியில் உட்கார்ந்து அடிப்பது. இப்படி இரண்டு பெட்டி போட்டு வைத்திருந்தான்.

பட்டறையில் அவனைச் சேர்த்ததும் முதலில் கொடுத்த வேலை, தினமும் காலையில் தமிழ் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பாதுகாப்பு அறிவுரை சொல்வது. பெயரைப் பார்த்தார்கள், கொடுத்துவிட்டார்கள். அவன் ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனதுக்குள் மொழிபெயர்த்துச் சொல்வான். "நீங்கள் அனைவரும் தலைக்கவசம் அணிதல் கட்டாயம்." கேட்டவர்கள் எல்லோரும் "சரிங்க" என்பார்கள். புரிந்துவிட்டது என்று இவன் எழுதிக்கொள்வான். நம் பக்கத்தில் 'சரிங்க' என்றால் நீங்கள் பேசி முடித்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரிகிறது, அவ்வளவுதான் அர்த்தம்.

4

ஒரு நாள் சாயங்காலம் வேலை விட்டு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் சாப்பிட உட்கார்ந்தான். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இன்னிக்கு ஒரு ஜோக் கேளு" என்றான். "புதுசா வந்த ஆளு ஒருத்தன். பட்டப்பகல்ல ஃபுல் தண்ணி லா."

"யாரு?"

"ஆண்டியப்பன்னு பேரு. உங்க ஊர்ப் பக்கம்தான், ஜவ்வாது ஹில்ஸ். கப்பல் டாங்க்குள்ள துரு சுரண்டிட்டு வெளியே வந்தான், அப்படியே ஆடுறான். நிக்க முடியல. பேச்சு குழறுது. நான் பக்கத்துல போய், 'நீங்கள் மது அருந்தினீர்களா?'ன்னு ப்ராப்பரா கேட்டேன். அவன் தலையை ஆட்டுறான். 'சரிங்க, சரிங்க'ங்கறான்."

"அப்புறம்?"

"நம்பாம அவன் ஃபிரண்டு சேகர்கிட்டயும் கேட்டேன். அவனும் அதே ஊருதான். அவனே ஒத்துக்கிட்டான்மா. 'இந்த ஊரு தண்ணி அவனுக்கு ஒத்துக்கலங்க'ன்னான்." பிரவீன் சிரித்தான். "ஊர்ச் சரக்கு ஒத்துக்குமாம், சிங்கப்பூர்ச் சரக்குதான் ஒத்துக்காதாம்!"

தோசை கருகுவது தெரிந்தும் கை திருப்பவில்லை.

"வாந்தி எடுத்தானா?"

"ம்ம். ரெண்டு மூணு தடவை."

"வாயில சாராய வாசன அடிச்சுதா?"

சாப்பிடுவதை நிறுத்தினான். "நான் தூசி மாஸ்க் போட்டிருந்தேன்."

"ஒடம்பத் தொட்டுப் பாத்தியா?"

"எதுக்கும்மா தொடணும்?"

"இப்ப எங்கடா அவன்?"

"டார்மிட்டரில. லாரில ஏத்தி அனுப்பிட்டோம். தூங்கித் தெளியட்டும், நாளைக்கு என்கொயரி. சேகரை அனுப்பல, டாங்க்ல ஆள் பத்தல."

"டேய்! தண்ணின்னா தண்ணிடா! குடிக்கற தண்ணி! பைப்புல வர்ற தண்ணி! அது ஒத்துக்கலன்னா அவன் அத்தக் குடிக்கல. ஒரு சொட்டு தண்ணி உள்ள போவாம டாங்க்குள்ள வெந்துகினு கெடந்திருக்கான்!"

இருபது வருடமாகப் பேசாத என் ஊர்ப் பேச்சு அன்று என் வாயிலிருந்து அப்படியே வந்தது. பிரவீன் முகம் வெளுத்துவிட்டது. அவன் முட்டாள் இல்லை. கெட்டவனும் இல்லை. வெயில் தலைக்கேறிவிட்டால் ஆள் தள்ளாடுவான், உளறுவான், பார்த்தால் குடித்தவன் போலவே இருப்பான் என்பது அவன் படித்த படிப்பில் முதல் பாடம். மற்றவர்களுக்குப் படம் போட்டுக் காட்டுகிறவனே அவன்தான். புதிதாக வந்த ஆளை வந்தவுடன் வெக்கையில் இறக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும் என்பதும் அந்தப் படத்தில் இருக்கிறது. ஆண்டியப்பன் வந்து இறங்கிய ஈரம்கூடக் காயவில்லை. மெலிந்த ஆள், டாங்க்கின் ஓட்டைக்குள் சுலபமாக நுழைகிறான் என்று மேஸ்திரி அவனையே திரும்பத் திரும்ப உள்ளே அனுப்பியிருக்கிறான். மலை ஆள், எதையும் தாங்குவான் என்று சொல்லித்தான் ஏஜென்ட் அனுப்பியிருந்தானாம். குளிர்ந்த மலையிலிருந்து வந்தவன் எப்படி வெக்கையைத் தாங்குவான் என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

பிரவீன் தங்கும் விடுதிக்குப் போன் போட்டான். யாரும் எடுக்கவில்லை. சேகருக்குப் போட்டான். சேகர் வேலை முடிந்து விடுதி வாசலில் இறங்கிக்கொண்டிருந்தான். போனை ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன். அவன் படியேறி ஓடுகிற சத்தம் கேட்டது. கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"சார், கூப்டா ஏந்திரிக்கல சார். ஒடம்பு நெருப்பா கொதிக்குது. வேர்வயே இல்ல சார். ஆண்டி! டேய் ஆண்டி!"

"தண்ணி ஊத்து! தலையில, மார்ல, எல்லாத்துலயும் ஊத்து! ஃபேன் போடு!" என்று பிரவீன் கத்தினான். பாடப் புத்தகத்தில் இல்லாத தமிழ் அவனுக்கு அப்போது வந்தது. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு எச்சில் கையோடு ஓடினான்.

5

ஆண்டியப்பன் பிழைத்துக்கொண்டான். சிறுநீரகம் இரண்டும் பிழைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாகப் பிரவீன் சொன்னான். அந்தக் கொஞ்சம் எங்கே போனது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பட்டறையில் விசாரணை நடந்தது. "நடந்ததை நடந்தபடி சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன். சொல்லத்தான் செய்தான். மேலாளர் ரொம்ப நல்ல மனிதராம். தோளில் தட்டிக்கொடுத்து, "அது ஒரு மொழிச் சிக்கல், யாருக்கும் நேரலாம். நீ போன் செய்தாயே, அதைச் சொல். அதுதான் முக்கியம்" என்றாராம்.

ரத்தப் பரிசோதனையில் சாராயம் ஒரு துளியும் இல்லை என்று வந்துவிட்டது. அதனால் குடித்தான் என்று எழுத முடியவில்லை. உடனே வேறு எழுதினார்கள். போதுமான அளவு தண்ணீர் குடிக்குமாறு தினமும் அறிவுறுத்தப்பட்டும் தொழிலாளி அதைக் கடைப்பிடிக்கவில்லை என்று முடித்துவிட்டார்கள். முதலில் குடித்ததற்காகக் குற்றவாளி. பிறகு குடிக்காததற்காகக் குற்றவாளி. நான் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ அலுவலகத்து வாசகங்களைப் படித்துவிட்டேன். இப்படி ஒரு கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்ததில்லை.

அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று சேகரை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டுக் கேட்டேன். "நீல டிரம்முங்க. வெயில்லயே கெடக்கும். ரப்பர் பைப்பு நாத்தம் அடிக்கும். எங்களுக்குப் பழகிப்போச்சுங்க. அவன் ஊத்துத்தண்ணி குடிச்ச ஆளு. குடிச்சா ஒடனே வாந்தி. அப்பறம் அத்த நிறுத்திட்டான். நான் சாருகிட்ட அத்ததாங்க சொன்னேன்" என்றான். இலையைப் பார்த்தபடி சொன்னான். நான் சரியாகத்தானே சொன்னேன் என்று அவன் இன்னும் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறான் போலிருந்தது. நீ சரியாகத்தான் சொன்னாய் என்று அவனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

விசாரணைக்குப் பிறகு பட்டறை நடவடிக்கை எடுத்தது. டிரம் போய்க் குளிர்ந்த தண்ணீர் இயந்திரம் வந்தது. அதுவரை சந்தோஷம். கூடவே நான்கு மொழிகளில் சுவரொட்டி ஒட்டினார்கள். தமிழில் 'எப்போதும் நீரேற்றமாக இருங்கள்' என்று இருந்தது. பிரவீன் போனில் படம் பிடித்து வந்து காட்டி, "சரியாம்மா?" என்றான். எங்கள் ஊரில் பம்புசெட் வைத்துத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றுகிற இடத்துக்கு நீரேற்று நிலையம் என்று பெயர். அந்தச் சுவரொட்டியைப் படித்துவிட்டு ஒரு தமிழ்த் தொழிலாளி என்ன செய்வான், மோட்டார் மாட்டிக்கொள்வானா?

அதற்குப் பிறகுதான் கேடயம் வந்தது.

"மேடை ஏறினியாடா?" என்று கேட்டேன்.

"பேரைக் கூப்பிட்டாங்கம்மா. எல்லாரும் கைத்தட்டுறாங்க. போகாம எப்படி இருக்க முடியும்?"

"கால் இல்லாதவன் மாதிரி ஒக்காந்திருக்கணும்."

அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டான். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வேலையிடத்தில் யார் தள்ளாடினாலும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறானாம். வீட்டில் சில நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "மயக்கம் வருதுன்னு உங்க ஊர்ல எப்படியெல்லாம் சொல்வாங்க?" என்று கேட்கிறான். கிறுகிறுன்னு வருது, கண்ணு இருட்டிகினு வருது, கால் ரெண்டும் துவளுது, தல கனக்குது என்று நான் சொல்லச் சொல்ல ஆங்கில எழுத்தில் போனில் எழுதிக்கொள்கிறான். இன்னொருவனுடைய இரண்டு சிறுநீரகத்தைக் கொடுத்துக் கற்கிற தமிழ் இது. கற்கட்டும்.

6

தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது மலைக்கும் போய், வேலை போய் ஊர் திரும்பியிருந்த ஆண்டியப்பனைப் பார்த்துவிட்டு வருவது என்று தீர்மானித்தேன். மலைக்குப் போகிற பஸ் எப்போது வரும் என்று கேட்டால் வந்தால் வரும் என்றார்கள். வந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் என் பக்கத்து சீட்டுக்காரி வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். இதே பஸ்ஸில்தான் ஆண்டியப்பன் வாரம் இரண்டு முறை ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள டவுன் ஆஸ்பத்திரிக்கு இறங்கி ஏறுகிறான்.

வீட்டு வாசலில் அவன் மனைவி மல்லிகா புளி தட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. நான் யாரென்று சொன்னதும் சுத்தியலைப் போட்டுவிட்டு எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க புள்ளதானாம்மா! போன் பண்ணி உசுரக் காப்பாத்துனது அவர்தான்னு சேகரு சொன்னான். வாங்க, ஒக்காருங்க. உங்க வூட்டுக்கு நாங்க இன்னா பண்ணுவோம், ஏழைங்க" என்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பி, "இத்தப் பாருங்க, யாரு வந்துக்கறாங்கன்னு" என்று குரல் கொடுத்தாள்.

ஆண்டியப்பன் சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தான். முகம் உப்பி, கால் வீங்கியிருந்தது. கையெடுத்துக் கும்பிட்டான். எனக்கு அந்தக் கும்பிடைத் தாங்க முடியவில்லை.

எதிரே மரத்தடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்து எங்களைப் பார்க்காதவர் போலப் பீடி குடித்துக்கொண்டிருந்தார். மல்லிகாவின் அப்பா. அவர் இந்தப் பக்கம் திரும்பாமலே, "எல்லாம் குடியால வந்த வென" என்றார். "குடிக்காத பையன்னுதான் பொண்ணக் குடுத்தேன். இங்க நல்லவனா நடிச்சிட்டு அங்க போய்க் குடிச்சிப்புட்டு வுழுந்துகெடந்தானாம். கலசப்பாக்கத்து ஏஜென்டு வந்து ஊரு நடுவுல சொல்லிட்டுப் போனான். குடிச்சி வுழுந்தவனுக்கு கம்பெனி இன்னா பண்ணும்னு கேட்டான். நான் மூஞ்ச எங்க வச்சிக்கறது?"

ரத்தப் பரிசோதனை வந்ததையும் கம்பெனி பேச்சை மாற்றிக்கொண்டதையும் ஏஜென்ட் மலை ஏறி வந்து சொல்லவில்லை. முதல் செய்தி வந்து சேர்ந்தது. அதைத் திருத்திய செய்திக்குப் பஸ் கிடைக்கவில்லை.

"இவரு குடிக்கலப்பான்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன்மா. யாரும் நம்ப மாட்டறாங்க. இவரு குடுத்த வாக்க மீறுனவர்னு பேராயிடுச்சி" என்றாள் மல்லிகா. ஆண்டியப்பனுடைய அப்பா கள்ளச்சாராயத்தில் போனவராம். அந்தப் பிணத்தின் மேல் கை வைத்து இவன் தொட மாட்டேன் என்று சொன்னானாம். ஊருக்கே தெரிந்த சங்கதி. இப்போது அவனிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு பெயர்தான், அதையும் பிடுங்கியாகிவிட்டது.

நான் எழுந்து பெரியவர் எதிரில் போய் நின்றேன்.

"அவன் குடிக்கலங்க. ரத்தத்த சோதிச்சுப் பாத்துட்டாங்க, ஒண்ணும் இல்ல. தண்ணி ஒத்துக்கலன்னு கூட இருந்தவன் சொன்னான். அத்த சாராயம்னு தப்பா புரிஞ்சிகினு குடிச்சிட்டான்னு சொன்னது எம்புள்ள. லாரில ஏத்தி ரூமுல போடச் சொன்னதும் எம்புள்ளதான். அதுக்கப்புறம்தான் போன் பண்ணான்."

மல்லிகா என் முகத்தையே பார்த்தாள். அவள் என் கையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன், அதை எப்போதோ விட்டுவிட்டாளே என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஆண்டியப்பன்தான் முதலில் வாயைத் திறந்தான். "தம்பி மேல தப்பு இல்லங்க. நல்லாத்தான் கேட்டாரு. 'மது அருந்தினியா'ன்னோ இன்னாவோ. எனக்குத் தல சுத்திகினு இருந்துச்சா, மதுன்னு யாரோ ஒரு பையனத் தேடறாரு போலன்னு நெனச்சிகினேன். பெரிய எடத்து ஆளு கேக்கறாரேன்னு சரிங்க, சரிங்கன்னேன்."

அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. மல்லிகா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

பெரியவர் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். "அப்ப நெசமா குடிக்கல?" என்றார்.

"இல்லங்க" என்றேன்.

மருமகன் பக்கம் திரும்பி, "மூஞ்சில வெயிலு அடிக்குது பாரு. இப்டி நெழலுக்கு வந்து ஒக்காரு" என்றார். ஆண்டியப்பன் மெதுவாக நடந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

நான் வந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன். என் பிள்ளையைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இறங்கியிருப்பேன். மல்லிகா திட்டவில்லை. பஸ் நிற்கிற இடம் வரை கூட வந்தாள். பாதி வழியில் நின்று, "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்மா" என்றாள். "எந்தம்பி வேலுன்னு ஒருத்தன் கீறான். நல்லா வேல செய்வான். உங்க புள்ளகிட்ட சொல்லி அந்தக் கம்பெனிலயே சேத்து வுட முடியுமா?"

"அங்கியா? இவ்ளோ நடந்ததுக்கு அப்புறமா?"

"உங்க புள்ள இருக்காருல்ல. ஒரு தபா தப்பு பண்ணவரு மறு தபா பண்ண மாட்டாரு."

"வேணாம் மல்லிகா. அங்க அனுப்பாத."

அவள் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் பேசினாள். "எங்க பெரியண்ணன் போர்வெல் வண்டில போனாரு. கைல ரெண்டு வெரலு இல்ல. சித்தப்பா கல்குவாரிக்குப் போனாரு. இருமி இருமியே செத்தாரு. பக்கத்து வூட்டு அக்கா புருஷன் தோல் கம்பெனி தொட்டிய கழுவ எறங்கனாரு, ஏறல. இவரு சிங்கப்பூருன்னு போனாரு. இங்கயே இருன்னா, சாமையும் புளியும் வெளையறது எங்க வாய்க்கும் வவுத்துக்குமே பத்தாது, இதுல இவர வேற கீழ இட்டுகினு போவணும். அங்க வேணாம்னு சொல்றீங்க, சரிம்மா. அப்ப நீங்களே ஒரு எடம் சொல்லுங்க. போன ஆளு போன மாறியே திரும்பி வர்ற எடமா ஒண்ணு."

பஸ் வந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி ஏறிக்கொண்டேன். சிங்கப்பூர் திரும்பியும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பாதுகாப்புப் படிப்பு படித்த என் மகனிடமும் கேட்டேன். அவனும் யோசிக்கிறான். மல்லிகா இரண்டு முறை போன் செய்துவிட்டாள். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது அப்படி ஓர் இடம் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். வேலு துணியெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறானாம்.